காருக்குள் எஃகு இருந்த இடத்தில் நைலான்

கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கதவை ஒரு முறை அடித்துச் சாத்திப் பார்ப்பார்கள். கனமான சத்தம் வந்தால் "பாடி ஸ்ட்ராங்" என்று திருப்தியாகத் தலையாட்டுவார்கள். தகடு தடிமனாக இருந்தால் பாதுகாப்பு, பிளாஸ்டிக் என்றால் சிக்கனம் என்பது நம் எல்லோருக்குள்ளும் ஊறிப்போன கணக்கு. வெளிக்கூட்டைப் பொறுத்தவரை அந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. பயணிகள் அறை நசுங்காமல் நிற்க இன்றைக்கும் உயர்வலு எஃகுதான் பெரும்பாலான கார்களில் வேலை செய்கிறது.

ஆனால் காருக்குள்ளே, மனித உடல் போய் மோதும் இடங்களில், எஃகின் வரலாறு அவ்வளவு நல்லதல்ல. 1950களின் அமெரிக்கக் கார்களின் டேஷ்போர்டு வெறும் தகடு. திருகுகள் துருத்திக்கொண்டிருக்கும், ஸ்டியரிங் தண்டு ஓட்டுநரின் மார்புக்கு நேராக நீண்டிருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹியூ டிஹேவன் காயங்களை ஆராய்ந்து, உடல் எதில் மோதுகிறது, அந்தப் பொருள் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். ஃபோர்டு 1956ஆம் ஆண்டு மாடல்களில் பஞ்சு பொதிந்த டேஷ்போர்டைக் கூடுதல் விலைக்குக் கொடுத்தது. உள்பாகங்கள் தலையை எப்படித் தாங்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்து நடைமுறையானது 1968 ஜனவரி 1இல். இன்றும் அந்தச் சோதனை ஏறக்குறைய அதேதான்: 6.8 கிலோ எடையுள்ள தலை வடிவத்தை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் டேஷ்போர்டில் மோத விடுவார்கள். வேக இறக்கம் தொடர்ந்து 3 மில்லிவினாடிக்கு மேல் 80 ஜி-யை, அதாவது புவியீர்ப்பின் 80 மடங்கை, தாண்டக் கூடாது.

நான் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் தொழிலில் இருப்பவன். எனக்கு அந்தப் பக்கம் சாய்வு இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள். காரின் உள்ளே சுமை தாங்கும் பாகங்களை, அதாவது சீட்டின் எலும்புக்கூடு, முழங்கால் தடுப்பு, ஏர்பேக் பெட்டி, பிரேக் பெடல் போன்றவற்றை, எஃகிலிருந்து இழை கலந்த பிளாஸ்டிக்குக்கு மாற்றலாம் என்று நான் நம்புகிறேன். மாற்றியும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாகம் எப்படி உடையும் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, பிறகே எடையைக் குறைக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் ஆபத்து.

முதலில் எடைக் கணக்கு. இது சாதாரண கால்குலேட்டரில் போடக்கூடியதுதான். எஃகின் விறைப்பு சுமார் 210 கிகாபாஸ்கல். கண்ணாடி இழை 30 சதவீதம் கலந்த நைலானுக்கு, உலர்ந்த நிலையில், சுமார் 10. அதாவது 21 மடங்கு தொய்வான பொருள். கேட்டவுடன் "இதை எப்படி சீட்டில் போடுவது" என்று தோன்றும். ஆனால் ஒரு தட்டையான தகடு வளையாமல் நிற்கும் திறன் அதன் தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பக் கூடுகிறது. 21இன் கனமூலம் சுமார் 2.8. ஆக, 1 மில்லிமீட்டர் எஃகு செய்யும் வேலையை 2.8 மில்லிமீட்டர் நைலான் செய்துவிடும். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், இந்த நைலானுடையது 1.36. பெருக்கிப் பார்த்தால் நைலான் தகடு எஃகுத் தகட்டின் எடையில் பாதிக்கும் கொஞ்சம் கீழே வருகிறது. இது வெறும் தட்டைத் தகட்டுக்கான கணக்கு. வார்ப்பில் விலாக்களை, நாங்கள் ரிப் என்று சொல்வதை, வேண்டிய இடத்தில் வேண்டிய உயரத்துக்கு எழுப்ப முடியும் என்பதால் நிஜத்தில் இன்னும் இடம் கிடைக்கும். எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். எஃகுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இன்றைய உயர்வலு எஃகு மிக மெல்லியது. அதனால் உண்மையான போட்டியில் லாபம் குறைந்துதான் கிடைக்கும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் 2021ஆம் ஆண்டு மாடல் டொயோட்டா சியன்னா. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் பிரின்ஸ்டன் ஆலையில் தயாராகும் மினிவேன் அது. அந்தத் தலைமுறையிலிருந்து ஹைப்ரிட் இன்ஜினோடு மட்டுமே வருகிறது, எனவே ஒவ்வொரு கிலோவும் எண்ணப்படும் வண்டி. அதன் மூன்றாவது வரிசை சீட்டின் கட்டமைப்பை, 35 சதவீதம் கண்ணாடி இழை கலந்து மோதலைத் தாங்கும்படி பதப்படுத்திய பாஸ்ஃப் நிறுவனத்தின் நைலான் 6இல் வார்த்தார்கள். முன்பு எஃகில் தனித்தனியாக அடித்து, வளைத்து, பற்றவைத்த 15 பாகங்கள் ஒரே வார்ப்பாயின. எடை 30 சதவீதம் குறைந்தது. செலவும் 15 சதவீதம் குறைந்தது.

எனக்கு இதில் எடையைவிடச் செலவு இறங்கியதுதான் பெரிய செய்தி. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் இழை கலந்த நைலான் எஃகைவிடப் பலமடங்கு விலை. அப்படியும் மொத்தத்தில் மலிவாக வந்ததற்குக் காரணம், 15 பாகங்களுக்கான டை, பிரஸ், வெல்டிங் ஜிக், பெயின்ட் எல்லாம் ஒரு மோல்டுக்குள் அடங்கியதுதான். எஃகுப் பாகத்தை அப்படியே பிளாஸ்டிக்கில் நகலெடுத்தால் இது நடக்காது. விலையும் ஏறும், வலுவும் போதாது. பாகத்தைப் பிளாஸ்டிக்காகவே முதலிலிருந்து யோசித்து வரைந்தால்தான் நடக்கும்.

ஐரோப்பாவில் இன்னொரு வழியும் முயன்றார்கள். 2012இல் வந்த ஓப்பல் அஸ்ட்ரா ஓபிசி காரில் சீட்டின் அடித்தட்டைத் தொடர் இழை, அதாவது நறுக்காத நீண்ட இழை, நெய்த தகட்டைச் சூடாக்கி அழுத்தி, அதன்மேல் நைலானை வார்த்துச் செய்தார்கள். முந்தைய அடித்தட்டைவிட 45 சதவீதம் எடை குறைவு. சீட்டின் அடித்தட்டு என்பது உட்கார மட்டும் அல்ல. நேர்மோதலில் இடுப்பு, பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி முன்னே போய்விடாமல் தடுப்பது அதன் முன்விளிம்புதான். 75 கிலோ மனிதர் 40 ஜி வேக இறக்கத்தைச் சந்தித்தால் அவரை நிறுத்தத் தேவைப்படும் மொத்த விசை 3 டன் எடைக்குச் சமம். அதில் ஒரு பங்கு இந்த விளிம்பின்மேல் இறங்கும்.

சரி, எப்படி உடையும் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

எஃகு வளையும், மடியும், கிழிவதற்கு முன் நீளும். வடிவமைப்பாளர் கொஞ்சம் தப்புக் கணக்குப் போட்டிருந்தால்கூட அது பொறுத்துக்கொள்ளும். எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே வலு இருக்கும். இழை கலந்த பிளாஸ்டிக் அப்படியல்ல. வைக்கோல் கலந்து குழைத்த மண்சுவர் மாதிரி, வலுவைத் தருவது உள்ளே கிடக்கும் இழை. மோல்டுக்குள் உருகிய நைலான் பாயும்போது அந்த இழைகள் ஓட்டத்தின் திசையில் படுத்துக்கொள்கின்றன. அந்தத் திசையில் இழுத்தால் நன்றாகத் தாங்கும். குறுக்கே இழுத்தால் வலு வெகுவாகக் குறையும். அதைவிட மோசம், ஒரு துளையைச் சுற்றிப் பிரிந்த ஓட்டம் மறுபுறம் போய்ச் சேரும் வெல்டு லைன். அந்தக் கோட்டின் குறுக்கே இழைகள் பாலம் போடுவதில்லை. அங்கே வலு பாதிக்கும் கீழே போவதுண்டு. போல்ட் துளைக்குப் பக்கத்தில் அந்தக் கோடு விழுந்தால் பாகம் அங்கேதான் பிளக்கும்.

கேட் எங்கே வைப்பது, அதாவது உருகிய பிளாஸ்டிக்கை மோல்டின் எந்த இடத்தில் உள்ளே விடுவது என்ற கேள்வி ஒரு காலத்தில் மோல்டு செய்யும் டூல் ரூமின் விவகாரமாக இருந்தது. சீட்டுக் கட்டமைப்பில் அது உயிர்ப் பாதுகாப்பின் விவகாரம். இன்று முறையாகச் செய்கிறவர்கள் மோல்டு நிரம்புவதைக் கணினியில் ஓட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் இழை எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று எடுத்து, அதை அப்படியே மோதல் கணக்கீட்டுக்குள் ஏற்றுகிறார்கள். இதைச் செய்யாமல், டேட்டா ஷீட்டில் உள்ள ஒரே எண்ணைப் பாகம் முழுவதற்கும் போட்டுக் கணக்கிட்டால், திரையில் தேறிய பாகம், தண்டவாள வண்டியில் வைத்து மோதலைப் போலியாக நடத்தும் ஸ்லெட் சோதனையில் இரண்டாகப் பிளக்கும். டேட்டா ஷீட்டில் இருக்கும் எண், இழைகள் எல்லாம் ஒழுங்காக ஒரே பக்கம் படுத்த சோதனைப் பட்டையில் எடுத்தது.

உடைவதே வேலையாக இருக்கும் பாகங்களில் பிளாஸ்டிக் எஃகை வெல்கிறது என்பது என் கருத்து. முழங்கால் தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மோதலில் முழங்கால் டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியில் இடிக்கும். அமெரிக்க விதியில் தொடை எலும்பின் மேல் விழும் விசைக்கு உச்சவரம்பு 10 கிலோநியூட்டன். கார்களை மோதிப் பார்த்து நட்சத்திர மதிப்பீடு தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்காப் இன்னும் கடுமை: 3.8 கிலோநியூட்டனுக்குக் கீழே இருந்தால்தான் முழு மதிப்பெண், 9.07ஐ எட்டினால் பூஜ்யம். எனவே தேவைப்படுவது இறுக்கமான சுவர் அல்ல. 3 கிலோநியூட்டன் சுற்றுவட்டாரத்தில் நின்று, சீராக நசுங்கிக்கொண்டே உள்வாங்கும் ஒன்று. விலாக்களின் தடிமன், உயரம், இடைவெளி இவற்றை மாற்றி அந்த நசுங்கலை வரிசைப்படுத்தலாம். முதல் விலா எப்போது மடிய வேண்டும், அடுத்தது எப்போது என்று வரைபடத்திலேயே முடிவுசெய்யலாம். முதல் சோதனையில் சரிவரவில்லை என்றால் மோல்டில் கொஞ்சம் இரும்பைச் செதுக்கினால் விலா தடிக்கும், அடுத்த வாரமே மறு சோதனைக்குப் பாகம் தயார். ஒரேயொரு நிபந்தனை: உடைந்த விளிம்பு கூரான சில்லாகக் காலைக் குத்தக் கூடாது. அதற்குத்தான் ரப்பர் போன்ற பொருளை நைலானில் கலக்கிறார்கள்.

இங்கேதான் வெப்பமும் ஈரமும் குறுக்கே வருகின்றன. நம்மைப் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

நைலான் தண்ணீர் குடிக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அன்றாடம். குருணையை டிரையரில் உலர்த்தித்தான் ஹாப்பரில் போடுவோம். வார்த்து வெளியே வந்த பாகம் எலும்பு போல உலர்ந்திருக்கும். விறைப்பு அதிகம், ஆனால் கீழே போட்டால் தெறிக்கும். கொஞ்சம் ஈரம் ஏறியபின்தான் அது தன் உறுதியான குணத்துக்கு வரும். சாதாரணக் காற்றிலேயே வெறும் நைலான் 6 தன் எடையில் 2.5 முதல் 3 சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீரிலேயே கிடந்தால் 9 சதவீதத்தையும் தாண்டும். கண்ணாடி இழை கலந்தால் அந்த அளவுக்கு இது குறையும், ஆனால் நிற்காது. உலர்ந்த நைலான் 6 இளகத் தொடங்குவது 55, 60 டிகிரி வாக்கில். ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை அறை வெப்பநிலைக்கே இறங்கி வந்துவிடும்.

ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். முன்பு போட்ட கணக்கை அந்த நிலைக்கு மறுபடி போடுங்கள். ஈரமேறி, 80 டிகிரிக்குச் சூடான அதே நைலானின் விறைப்பை 4 கிகாபாஸ்கல் என்று வைத்தால் எஃகோடு வித்தியாசம் 52 மடங்கு, கனமூலம் 3.7. தேவைப்படும் தடிமன் 2.8இலிருந்து 3.7 மில்லிமீட்டர் ஆகிறது. எடைச் சேமிப்பு பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு இறங்குகிறது. இன்னும் லாபம்தான், சந்தேகமில்லை. ஆனால் முதல் கணக்கை மட்டும் நம்பிப் பாகத்தை வரைந்தவர், சித்திரை மதியத்தில் நடக்கும் விபத்துக்குப் பாகம் வரையவில்லை.

ஏர்பேக் பெட்டிக்காரர்கள் இதை முன்னாலேயே கற்றுக்கொண்டார்கள். பயணியின் பக்கத்து ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும் பெட்டி பல கார்களில் எஃகிலிருந்து இழை நைலானுக்கு மாறிவிட்டது. அதை வழக்கமாக மூன்று நிலைகளில் வெடித்துப் பார்ப்பார்கள்: மைனஸ் 35 டிகிரி, அறை வெப்பநிலை, 85 டிகிரி. குளிரில் பெட்டி நொறுங்கிச் சில்லு பறக்கக் கூடாது. சூட்டில் கொக்கிகள் இளகி, பை பெட்டியோடு கழன்று வரக் கூடாது. பை விரியும் நேரம் 30 மில்லிவினாடியை ஒட்டி. சீட்டுக் கட்டமைப்புக்கும் இதே ஒழுக்கம் வேண்டும் என்பதுதான் என் வாதம். அதுவும் வெறும் சூடு போதாது, ஈரமும் ஏற்றிய பாகத்தைச் சூடாக்கிச் சோதிக்க வேண்டும்.

ஈரத்தையும் வெப்பத்தையும் சேர்த்து எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானிய ஏர்பேக் நிறுவனமான டகாட்டாவின் விவகாரம் இருக்கிறது. அது பிளாஸ்டிக் சம்பந்தப்பட்டதல்ல. ஏர்பேக்கை விரிக்கும் வாயுவுக்காக அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்திய இன்ஃப்ளேட்டர்கள் அவை. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் ஏறி இறங்கியதில் அந்த மருந்து கெட்டு, அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, அதைச் சுற்றியிருந்த உலோகக் கூட்டையே பிளந்து ஆட்கள்மேல் வீசியது. 2014இல் இதற்காகத் திரும்பப் பெறத் தொடங்கியது ஃப்ளோரிடா, புவேர்ட்டோ ரிக்கோ போன்ற ஈர வெப்பப் பகுதிகளில்தான். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனம் 2017 ஜூனில் திவாலானது. உலகத்தின் வெப்பமான, ஈரமான ஊர்களில் ஓடும் கார்களின் பாகங்கள் அந்த ஊர்களின் நிலையிலேயே, அந்த ஊர்களில் வயதான பிறகும், சோதிக்கப்பட வேண்டும். ஒரகடத்தில் அரசின் வாகன ஆராய்ச்சி மையம் மோதல் சோதனை வசதியோடு இருக்கிறது. கிண்டியைத் தலைமையகமாகக் கொண்ட சிப்பெட் 1968 முதல் பிளாஸ்டிக் பரிசோதனையில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரத் தொலைவு. ஈரமேற்றி வயதாக்கிய சீட்டுக் கட்டமைப்புக்கென்று ஒரு பொதுச் சோதனை முறையை வகுக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை.

பிரேக் பெடலைப் பற்றிக் கொஞ்சம். ஆக்ஸிலரேட்டர் பெடலும் கிளட்ச் பெடலும் பல காலமாகப் பிளாஸ்டிக்கில் வருகின்றன. பிரேக் மட்டும் எஃகிலேயே நின்றது, நியாயமாக. பீதியில் மிதிக்கும் கால் நூறு கிலோவுக்கு மேல் அழுத்தக்கூடும், அந்த ஒரு மிதியில் பெடல் உடைந்தால் அடுத்த வாய்ப்பு கிடையாது. போர்ஷே பனமெரா, பென்ட்லி கான்டினென்டல் ஜிடி கார்களில் முழுப் பிளாஸ்டிக் பிரேக் பெடல் வந்தபோது அதை வெறும் குறு இழை (பொடியாக நறுக்கிய இழை) நைலானில் செய்யவில்லை. ஜெர்மனியின் பிரிலோன் நகரில் தயாராகும் டெபெக்ஸ் என்ற தொடர் இழைத் தகட்டை, வெவ்வேறு கோணங்களில் அடுக்கிய இழைகளோடு, நடுவே வைத்து அதன்மேல் நைலானை வார்த்தார்கள். எஃகுப் பெடலில் பாதி எடை. குறு இழை பாகத்தில் விரிசல் கிளம்பினால் நேராக ஓடி முடித்துவிடும். தொடர் இழையில் அது இழைக்கு இழை தடுக்கப்படும். அதனால் பெடல் அளவு மீறிய சுமையில் விரிசல் விட்டாலும் ஒரே நொடியில் இரண்டு துண்டாகாமல், காலுக்குக் கீழே தொடர்ந்து நிற்க வாய்ப்பிருக்கிறது. எஃகின் நல்ல குணத்தைப் பிளாஸ்டிக்கிலும் கொண்டுவரும் வழி இதுதான் என்று நினைக்கிறேன். விலைதான் தடை. சிறிய கார்களுக்கு இது இன்னும் எட்டாத தொலைவு.

எஃகு இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. சீட்டின் தண்டவாளம், சாய்வை மாற்றும் கீல், பெல்ட் கொக்கி பூட்டும் இடம் இவற்றில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை. ஐ.நா. ஒழுங்குவிதி 14இன்படி, பயணியர் கார்களில் பெல்ட்டின் தோள் பகுதிக்கும் இடுப்புப் பகுதிக்கும் தலா 13,500 நியூட்டன் கொடுத்து இழுப்பார்கள். பெல்ட் சீட்டிலேயே பூட்டியிருந்தால் சீட்டின் எடையைப் போல 20 மடங்கு விசையையும் கூடவே சேர்ப்பார்கள். சீட்டு லேசானால் இந்தக் கூடுதல் சுமை தானாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் அவ்வளவு விசை ஒரு போல்ட்டைச் சுற்றிக் குவியும் இடத்தில் எஃகு செருகல் இல்லாத பிளாஸ்டிக்கை நான் ஏற்க மாட்டேன்.

டேஷ்போர்டுக்குள் ஒரு தூணிலிருந்து எதிர்த்தூணுக்கு ஓடும் குறுக்கு உத்தரமும் பெரும்பாலும் எஃகாகவோ மெக்னீசியமாகவோ இருக்கிறது. அதற்குக் காரணம் மோதல் மட்டுமல்ல, அதிர்வும்தான். நான்கு சிலிண்டர் இன்ஜின் 750 சுற்றில் ஐடிலில் நின்றால் நொடிக்கு 25 முறை அதிர்வு தரும். ஸ்டியரிங்கைத் தாங்கும் உத்தரத்தின் இயல்பதிர்வு இதைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்னலில் நிற்கும்போது கை நடுங்கும். மின்காரில் ஐடில் கிடையாது. சாலையிலிருந்து வரும் அதிர்வு மிஞ்சுகிறது, ஆனால் மிகக் கடினமான அந்த ஒரு நிபந்தனை போய்விடுகிறது. இழை பிளாஸ்டிக் உத்தரம் அடுத்து வருமென்றால் மின்கார்களில்தான் முதலில் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

கடைசியாக, யாரும் அதிகம் பேசாத ஒன்று: விபத்துக்குப் பிறகு. எஃகுச் சீட்டு வளைந்தால் மெக்கானிக்கின் கண்ணுக்குத் தெரியும். இழை பாகத்தில், மேற்பரப்பு பளபளப்பாக இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அல்லது விலாவின் அடியில் மயிரிழை விரிசல் இருக்கலாம், துணி உறை அதை மூடியிருக்கும். பட்டறையில் மீயொலிக் கருவி கிடையாது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வெளித்தகட்டையும் பம்பரையும் பார்ப்பார், சீட்டின் உறையைக் கழற்றிப் பார்க்கச் சொல்வது அரிது. குழந்தைகளுக்கான கார் சீட்டை விபத்துக்குப் பின் மாற்றிவிடும்படி தயாரிப்பாளர்களே எழுதுகிறார்கள். இழை பிளாஸ்டிக்கில் செய்த எந்தச் சீட்டுக் கட்டமைப்புக்கும், ஏர்பேக் விரிந்த விபத்துக்குப் பின், இதே விதி இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸும் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டும்.

உங்கள் காரில் எந்தப் பாகம் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. சீட்டுக்கு அடியிலோ பெடலின் பின்புறத்திலோ டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பாகத்தின் மறைவான பக்கத்தில், இரண்டு கோண அடைப்புக்குறிகளுக்கு நடுவே, பிஏ6-ஜிஎஃப்35 என்பது போன்ற ஒரு குறியீடு ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கும். முதல் பாதி நைலான் 6 என்று சொல்கிறது, இரண்டாம் பாதி 35 சதவீதம் கண்ணாடி இழை என்று சொல்கிறது. காரைப் பிரித்துக் கழிவாக்கும்போது பொருளைத் தரம் பிரிப்பதற்காக வந்த வழக்கம் அது. அதே இடத்தில், அதற்குப் பக்கத்திலேயே, "மோதலுக்குப் பின் மாற்றவும்" என்ற ஒரு வரியையும் பதிக்கச் சொல்லி விதி வர வேண்டும். மோல்டில் கூடுதலாக ஒரு வரி எழுத்து செதுக்க ஆகும் செலவு, அந்த மோல்டின் விலையில் கணக்கிலேயே வராத தொகை.